தெரிவித்தாயிற்றா?

தாங்கள் வரவழைத்துக் கொடுத்த தேநீருக்கு முதலில் நன்றி. சர்க்கரை ஒரு சிட்டிகை குறைவு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கொண்டுவந்து வைத்தவர் "சக்கரை போதுமா சார்?" என்று கேட்டார். "ரொம்பச் சரியா இருக்கு" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. நான் செய்தவற்றுக்கெல்லாம் காரணம் அவ்வளவுதான் ஐயா. எதிரில் இருப்பவர் முகம் வாடினால் எனக்குத் தாங்காது. ஆனாலும் நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதித் தரும்படி விசாரணை அதிகாரியாகிய தாங்கள் பணித்திருப்பதால் எழுதுகிறேன். இதற்கு முன் நான் எழுதியவை விடுப்பு விண்ணப்பங்களும் கணினி நிரல்களுமே. நடையில் பிழைகள் இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

நான் பணிபுரிவது மருத்துவமனையின் கணினிப் பிரிவில். எங்கள் சிறுநீரகப் பிரிவில், இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் படுக்கைகளை யாருக்கு ஒதுக்குவது என்று முடிவுசெய்வது ஒரு பழைய கணினி. அடித்தளத்தில், குளிரூட்டிய அறையில், பீரோ கணக்காக நிற்கிறது. அதற்கு நிரல் எழுதியவர் யாரென்று எவருக்கும் தெரியாது. அதைத் தொட எல்லோருக்கும் பயம். அறையைப் பெருக்குபவர்கூட அதைச் சுற்றித்தான் பெருக்குவார்.

மேல்மாடிக் கவுன்டரில் அதற்கு ஒரு திரையும் விசைப்பலகையும் உண்டு. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, படமென்று எதுவும் கிடையாது. நோயாளியின் எண்ணைத் தட்டினால் திரையின் கடைசி வரியில் பதில் வரும். இடமிருந்தால் நாளையும் படுக்கையையும் சொல்லும். இல்லாவிட்டால், "இடமில்லை. காத்திருக்கக் கூடாது. வேறிடம் அனுப்புக" என்று சொல்லும். அதோடு விடாது. "தெரிவித்தாயிற்றா?" என்று கேட்டுவிட்டுக் கண்சிமிட்டிக்கொண்டே நிற்கும். கவுன்டரில் இருப்பவர் நோயாளியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "ஆயிற்று" என்பதற்குரிய விசையை அழுத்தினால்தான் அடுத்த ஆளுக்கு நகரும். அழுத்தியதும், இந்த நோயாளி வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டார் என்று முடிவுகட்டி அவரை வரிசையிலிருந்தே எடுத்துவிடும். யந்திரம்தானே. சொன்னதை நம்பும்.

அந்த விசையை அழுத்தும் பொறுப்பில் ஓர் அம்மையார் இருந்தார். அவருடைய குரலை முன்னிட்டு அவரை வெண்கலம் என்று அழைப்போம். அவருக்குக் கேட்காத தூரத்தில். அவர் பேசும் முறைக்கு ஒரு மாதிரி தருகிறேன்.

"இடமில்லைங்க. கேட்டுச்சா? இல்ல. இங்க உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? இது என்ன சினிமா கொட்டகையா, அடுத்த ஆட்டம் வரைக்கும் காத்திருக்க? பாலத்தைத் தாண்டுனா ஒரு ஆஸ்பத்திரி இருக்கு. கெளம்புங்க."

"கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கம்மா."

"பாத்துட்டுத்தான் சொல்றேன். எங்க போகச் சொன்னேன்? நீங்க ஒரு தடவ சொல்லுங்க."

"பாலத்துக்கு அந்தப் பக்கம்."

"எப்போ?"

"இப்பவே."

"ம். நடங்க."

இதற்குப் பிறகே விசையை அழுத்துவார். மனிதர்கள் அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் படியிறங்குவார்கள். சுவரில் தொங்கிய புகார்ப் பெட்டி பிதுங்கிக்கொண்டிருந்தது. என் இருக்கை அந்தக் கூடத்தை ஒட்டிய கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால். அந்த முகங்களைப் பார்த்த நாட்களில் எனக்குச் சோறு இறங்காது. அவர்கள் பாலத்தைத் தாண்டிப் போன இடத்தில் படுக்கை கிடைத்துப் பிழைத்துக்கொண்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் பிழைத்தது என் கண்ணில் படவில்லை. அழுததுதான் பட்டது.

பிறகு புதிய இயக்குநர் வந்தார். மிகவும் பண்பானவர். அவருக்கு எதுவுமே அனுபவமாக இருக்க வேண்டும். வண்டி நிறுத்துவது ஓர் அனுபவம், ஊசி போட்டுக்கொள்வது ஓர் அனுபவம் என்று கூட்டங்களில் சொல்வார். ஒருநாள் என்னை அழைத்து, "தம்பி, ஊரே போன்லயே எல்லாத்தையும் முடிச்சுக்குது. நம்மகிட்ட வர்றவங்க மட்டும் அந்தம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கணுமா?" என்று கேட்டார். நான் பல நாட்களாக வாய்விட்டுச் சொல்ல முடியாமல் வைத்திருந்ததை அவர் சொன்னார். எனக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

பழைய கணினியை மாற்றத் தெரிந்தவர் யாருமில்லை. எனவே அதற்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தேன். நடுவில் ஒரு நிரலை நுழைத்தேன். அலுவலகத்தில் அதற்கு இடையாள் என்று பெயர். நோயாளி தன் கைப்பேசியில், எங்கள் இணையப் பக்கத்தில் தட்டுவதை இடையாள் வாங்கி, கவுன்டரில் யாரோ விரலால் தட்டுவதைப் போலப் பழைய கணினிக்குக் கொடுக்கும். அது கறுப்புத் திரைக்கென்று அனுப்பும் பச்சை எழுத்துகளை வழியிலேயே பிடித்துப் படித்து, வண்ணப் பக்கமாக்கிக் கைப்பேசிக்கு அனுப்பும். பழைய கணினிக்கு இன்றுவரை, தன் முன்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பதாகவே நினைப்பு.

முதல் வெள்ளோட்டத்தில் இயக்குநரே ஓர் எண்ணைத் தட்டினார். "இடமில்லை. காத்திருக்கக் கூடாது. வேறிடம் அனுப்புக" என்று, வெளிர்நீலப் பின்னணியில், அழகான எழுத்தில் வந்தது. அவர் முகம் சுருங்கியது.

"என்ன தம்பி, மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கு."

"அது சொல்றது அதாங்க சார்."

"அது சொல்லிட்டுப் போகட்டும். அதுக்கு வளர்ப்பு சரியில்ல. நாம படிச்சவங்கதானே? கொஞ்சம் பதமா சொல்லக்கூடாதா?"

இயக்குநர் பொய் சொல்லச் சொல்லவில்லை. இதைத் தாங்கள் தவறாமல் குறித்துக்கொள்ள வேண்டும். பதம் என்ற ஒரு சொல்லைத்தான் அவர் தந்தார். மற்றது முழுக்க என் உழைப்பு.

அந்த ஒரு வரிக்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. "வருந்துகிறோம்" என்று தொடங்கிப் பார்த்தேன். படித்ததுமே முகம் வாடிவிடும். "தற்சமயம்" என்று போட்டேன். எப்போது என்று கேட்பார்கள். கடைசியில் இப்படி வந்தது: "நன்றி. தங்கள் கோரிக்கை அன்புடன் பெறப்பட்டது. விரைவில் தங்களை அழைப்போம்." இதில் "அன்புடன்" என்பது நானாகச் சேர்த்தது. அதை எடுத்துவிட்டாலும் பொருள் மாறாது என்று சக ஊழியர் ஒருவர் சொன்னார். மாறாததுதான், ஆனால் மனம் என்று ஒன்று இருக்கிறதே ஐயா.

ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சியது. இடமில்லை என்று சொன்ன பிறகு பழைய கணினி வழக்கம்போல "தெரிவித்தாயிற்றா?" என்று கேட்டுவிட்டு அசையாமல் நின்றது. முன்பு அதற்குப் பதில் சொல்ல வெண்கலம் இருந்தார். இப்போது அந்த இடத்தில் யாருமில்லை. பின்னால் வரிசை முழுதும் தேங்கியது. ஆகவே, கேட்ட மாத்திரத்தில் "ஆயிற்று" என்று இடையாளே சொல்லிவிடும்படி செய்தேன். இது சரிதானா என்று யோசிக்காமல் இல்லை. யோசித்தேன். இணையப் பக்கத்தில் நாம் ஏதோ ஒன்றைத் தெரிவித்திருக்கிறோம், நன்றியைத் தெரிவித்திருக்கிறோம். எதைத் தெரிவித்தாய் என்று கணினி கேட்கவில்லை.

திறப்பு விழாவில் இயக்குநர் நாடா வெட்டினார். இனி எல்லாம் கைப்பேசியில்தான் என்பதைக் காட்ட, கைப்பேசிகள் இரண்டை நாற்காலிகளில் நிறுத்தி அவற்றுக்கு நடுவே கட்டியிருந்தோம். வெட்டும்போது ஒன்று விழுந்து உடைந்தது. எல்லோரும் கைதட்டினோம்.

பலன் உடனே தெரிந்தது. காத்திருப்புக் கூடம் காலியாயிற்று. அழுகைச் சத்தம் இல்லை. கோரிக்கை போட்டு முடித்ததும் நட்சத்திரம் கொடுக்கும்படி பக்கம் கேட்கும். மக்கள் வாரி வழங்கினார்கள். புகார்ப் பெட்டியைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் இயற்கைக் காட்சி ஒன்றை மாட்டினோம். வெண்கலத்தை வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுக்க அனுப்பினார்கள். கறுப்புத் திரையைத் துணி போர்த்தி அடித்தளத்தில் வைத்தார்கள்.

பாலத்துக்கு அந்தப் பக்க மருத்துவமனையிலிருந்து ஒருநாள் ஒருவர் தொலைபேசியில் விசாரித்தார். "உங்க பக்கத்துலேருந்து இப்பல்லாம் யாருமே வர்றதில்லையே. இங்க பெட்டெல்லாம் சும்மா கெடக்கு. எல்லாருக்கும் சரியாயிடுச்சா என்ன?" என்று சிரித்தார். "எல்லாம் உங்க நல்ல மனசுங்க" என்றேன். அவரும் மகிழ்ச்சியாகவே வைத்தார்.

எனக்கு எப்போது தெரியும் என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் அடிக்கடி மாடியேறி வருவார். மகளுக்காக. கண்ணாடித் தடுப்பில் மெதுவாகத் தட்டி, "கூப்பிடுவாங்கன்னு போட்டிருந்துச்சு தம்பி. போனைக் கையிலேயே வச்சிருக்கேன். குளிக்கப் போனாக்கூட கதவுக்கு வெளிய வச்சுட்டுத்தான் போறேன்" என்பார். "கூப்பிடுவாங்க ஐயா" என்பேன். "உன் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவார். வரவரக் குறைந்து, ஒரு கட்டத்தில் வராமலே நின்றுவிட்டார். மனத்துக்கு நிம்மதியாக இருந்தது.

வெண்கலமும் கேட்டார். வண்டியை எடுக்கப் போன என்னை, டோக்கனை வாங்காமல் மறித்துக்கொண்டு நின்றார்.

"ஏன் தம்பி, இடமில்லன்னா உன் பொட்டி என்ன சொல்லும்?"

"நன்றி சொல்லுங்க."

"எதுக்கு?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"வேற எடத்துக்குப் போகச் சொல்லுதா இல்லையா? ஆமா இல்லன்னு ஒத்த வார்த்தையில சொல்லு."

"பரிசீலனைல இருக்குங்கம்மா."

"சின்ன வயசுலயே உன்னை நாலு போட்டிருந்தா உருப்பட்டிருப்ப" என்று சொல்லி வழிவிட்டார். அவருடைய பேச்சு எப்போதும் அப்படித்தான். நான் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இனி என் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அக்காவின் கணவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தார். அவருடைய வண்டியில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பகல் முழுதும் "ஏய் நில்லு, நில்லு, கண்ணு எங்க இருக்கு" என்று கத்திக்கொண்டே போவார். திட்டு வாங்கியவர்களே அவரிடம் தங்கள் பிள்ளைகளையும் சேர்த்துவிடுவார்கள். எங்கள் தந்தை காலமான பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். என்னிடம் மட்டும் குரலை உயர்த்தமாட்டார். உயர்த்தினால் நான் சாப்பிடாமல் படுத்துவிடுவேன் என்று அக்கா அவரிடம் சொல்லிவைத்திருந்தார்.

அத்தானுக்குக் கால் வீங்கியது. சிறுநீரகங்கள் இரண்டும் கைவிரித்துவிட்டன, தாமதிக்காமல் டயாலிசிஸ் தொடங்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். அக்கா வீட்டிலிருந்தபடியே எங்கள் இணையப் பக்கத்தில் கோரிக்கை போட்டார். தம்பி செய்த பக்கம் என்பதில் அவருக்குப் பெருமை. அன்று மாலை நான் போயிருந்தபோது வந்த பதிலைக் காட்டினார். "நன்றி. தங்கள் கோரிக்கை அன்புடன் பெறப்பட்டது. விரைவில் தங்களை அழைப்போம்."

அத்தான் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு சிரித்தார். "மாப்ள, உன் பொட்டி ரொம்ப மரியாதையா பேசுதுடா. எங்க ஸ்கூல்ல சேத்தோம்னா, லாரிக்கு வணக்கம் வச்சுட்டே போய் முட்டும்."

"அவனைச் சீண்டாம சும்மா இருங்க" என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, "ஏன்டா, பாலத்துக்கு அந்தப் பக்கமும் ஒரு எட்டு போய்க் கேட்டுட்டு வரவா? ரெண்டு எடத்துல சொன்னா உங்க ஆஸ்பத்திரில தப்பா எடுத்துக்குவாங்களோ?"

"எதுக்குக்கா அலைச்சல்? அதான் அன்புடன்னு வந்திருக்கே."

"அதானே" என்றார் அக்கா. அவர் முகம் தெளிந்தது. அத்தான் கைப்பேசியை வாங்கி, கண்ணைச் சுருக்கி, ஐந்து நட்சத்திரங்களையும் ஒவ்வொன்றாக அழுத்தினார். "மாப்ளைக்குப் பிரமோஷன் கெடைக்கட்டும்" என்றார். அந்த நட்சத்திரங்கள் இன்னும் எங்கள் மருத்துவமனைக் கணக்கில் இருக்கின்றன.

அவர்கள் காத்திருந்தார்கள். நான் போகும்போதெல்லாம் அக்கா கைப்பேசியை முந்தானையில் துடைத்துக்கொண்டிருப்பார். அத்தானின் கேலி குறைந்துகொண்டே வந்தது. ஒரு காலை, செருப்புக்குள் கால் நுழையவில்லை என்று சிரித்தாராம். மதியத்துக்குள் மூச்சு இரைத்தது. அக்கா அவரை ஆட்டோவில் ஏற்றினார். ஆட்டோக்காரர் பாலத்தடியில் நிறுத்தி, எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறார். எங்கள் மருத்துவமனை பெயரைச் சொல்லியிருக்கிறார் அக்கா, கோரிக்கை எங்களிடம்தானே இருந்தது. வாசலில் ஆட்டோவை முதலில் பார்த்தவர் வெண்கலம். ஸ்ட்ரெச்சரைத் தானே தள்ளிக்கொண்டு ஓடினாராம். அத்தான் நடைக்கூடத்தைத் தாண்டவில்லை.

பத்தாம் நாள் காரியம் முடிந்த கையோடு அக்கா மருத்துவமனைக்கு வந்து, ஏன் அழைக்கவில்லை என்று கேட்டார். ஒருவருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. வெண்கலம்தான் அவரை அடித்தளத்துக்கு அழைத்துப் போய், துணியை விலக்கி, அத்தானின் எண்ணைத் தட்டிக் காட்டியிருக்கிறார். "இடமில்லை. காத்திருக்கக் கூடாது. வேறிடம் அனுப்புக." அதன் கீழே, "தெரிவித்தாயிற்று."

அன்று மாலை அக்கா என் வீட்டுக்கு வந்தார். அவர் அழவில்லை. "என்கிட்ட சொல்லிட்டதா எவனோ அழுத்தியிருக்கான்டா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தோள்ல தூக்கிக்கிட்டாவது பாலத்தைத் தாண்டியிருப்பேன். அழுத்துன கை யாரோடதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றார். பிறகு என் தலையைத் தடவி, "உனக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருப்பியா? உன்னையும்தான் ஏமாத்திட்டானுங்க" என்றார். தாங்கள் இப்போது விசாரிக்கும் புகாரை அவர் கொடுத்தது மறுநாள்.

அந்தக் கை யாருடையது என்பதைத்தான் நான் எழுதித் தர வேண்டும். இடையாள் அழுத்தியது. இடையாளை எழுதியவன் நான். இதைத் தங்கள் தொழில்நுட்ப உதவியாளர் ஏற்கெனவே கண்டுபிடித்திருப்பார். அவர் கண்டுபிடிக்க முடியாத ஒன்று மீதமிருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்வதே மரியாதை.

என் மேசைக் கணினியில் ஒரு சிறு சன்னல் எப்போதும் திறந்திருக்கும். இடையாளும் பழைய கணினியும் பேசிக்கொள்வது அதில் பச்சை எழுத்தில் ஓடும். அக்கா கோரிக்கை போட்ட அன்று காலை, அத்தானின் எண் அதில் வந்ததை நான் பார்த்தேன். கடைசி வரியை முழுதாகப் படித்தேன். படித்து முடிப்பதற்குள் "ஆயிற்று" என்று இடையாள் சொல்லிவிட்டது. வரிசையிலிருந்து அவர் எண் மறைந்ததையும் பார்த்தேன். தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை எடுத்தேன்கூட. ஆனால் அக்காவிடம் என்னவென்று சொல்வது? இல்லை என்றால் அவர் அழுவார். அன்புடன் என்று போட்டிருக்கிறதே என்பார். அது நான் போட்டதுதான், அதற்கு அர்த்தம் இல்லை என்று நான் விளக்க வேண்டும். பிறகு அந்தப் பெரியவருக்கும், மற்றவர்களுக்கும், இயக்குநருக்கும் விளக்க வேண்டும். எத்தனை முகங்கள் வாடும். தொலைபேசியை மெதுவாக வைத்துவிட்டேன். மாலையில் அத்தானுக்குப் பழம் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அங்கே நான் சொன்னதை மேலே எழுதியிருக்கிறேன்.

ஆகவே அக்காவுக்கு யாருமே பதில் சொல்லவில்லை என்பது சரியல்ல. அவர் என்னிடம் நேரில் கேட்டார். நான் போக வேண்டாம் என்றேன். அத்தானைக் கொன்றது யார் என்று ஒரே வார்த்தையில் எழுதச் சொன்னால், நான் என்று எழுதுவேன். மற்றவர்களையும் அவ்வாறே. அவர்கள் எவரையும் நான் நோகடித்ததில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடையாள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. விசாரணை முடியும்வரை எதையும் தொடக் கூடாது என்று தங்கள் அலுவலகம் உத்தரவிட்டிருந்ததால் அதை நிறுத்தவில்லை. உத்தரவு மிகவும் கண்ணியமான நடையில் இருந்தது. மறுத்துப் பேச மனம் வரவில்லை.

முடிக்குமுன் ஒரு விண்ணப்பம். வெளியே பெஞ்சில் என் அக்கா உட்கார்ந்திருக்கிறார். நான் அவருக்காகச் சாட்சி சொல்ல வந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். உள்ளே வரும்போது, "பயப்படாம உள்ளத உள்ளபடி சொல்லுடா, நான் இங்கயேதான் இருக்கேன்" என்று சொல்லி அனுப்பினார். என்னால் அவர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. தாங்களே தெரிவித்துவிடுங்கள். கொஞ்சம் பதமாக, நன்றி என்று தொடங்கினீர்களானால் அவருக்கு அவ்வளவாக வலிக்காது.